ரெண்டு முறுக்கு

என் ஷாலுவுக்கு,

நேற்று உன் வில்லை ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் வில் கடைக்குக் கொண்டுபோனேன். உன் வில்வித்தை கிளப் தோழி மேகலா கேட்டிருந்தாள், அவளுடையது உடைந்துவிட்டதாம். கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்றுதான். நீ போன இந்த ஐந்து மாதத்தில் அதன் உறையைத் திறந்தது அப்போதுதான்.

கடைக்காரர் வில்லைப் பலகையில் மாட்டி மெதுவாக இழுத்தார். வில்லின் மேல் நுனியில் இருக்கும் சக்கரம் சுற்றி நின்றுவிட்டது. கீழ்ச் சக்கரம் கொஞ்சம் பின்தங்கி வந்தது. நாணில் இருக்கும் அந்தச் சின்னப் பார்வைத் துளை, கண்ணுக்கு நேராக வராமல் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

“பாஸ், இத வெயில்ல கார் பின்னாடி பூட்டுல வச்சிருந்தீங்களா? நாணும் சக்கரத்துக் கேபிளும் நீண்டு போச்சு லா. இத வச்சு யாரு அடிச்சாலும் அம்பு எங்கயாச்சும்தான் போவும்.”

உனக்குத்தான் தெரியுமே. தைப்பூசத்தன்று காலையில் பயிற்சி முடித்து வந்தவள், “வில்ல வீட்ல வச்சிட்டுப் போலாங்க, சூடு ஆகாது,” என்றாய். “பார்க்கிங் கெடைக்காது லா, பூட்டுலயே கெடக்கட்டும்,” என்றவன் நான். பத்துமலையில் நாள் முழுக்க கார் வெயிலில் நின்றது.

அடுத்த வாரமே சொல்ல ஆரம்பித்தாய். “தொளை நேரா வர மாட்டேங்குதுங்க. இழுத்தா கொழகொழன்னு இருக்கு.” சுங்கை வே ஃபேக்டரியில் எட்டு வருடமாக மெஷின் பழுது பார்க்கிறவன் நான். சூட்டில் எது நீளும் என்று எனக்குத் தெரியாதா? பார்த்தால் என் தப்பு வெளியே வரும். அதனால் பார்க்கவே இல்லை. கிளப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: “வில்லு நல்லாதான் இருக்கு. இவ தலைதான் திரும்பிப் போச்சு.” எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அப்புறம் மாநில அணித் தேர்வுக்குப் பெயரே கொடுக்கவில்லை. “என் கை போச்சுங்க.” கடைசியாக டெங்கிக் காய்ச்சலில் படுத்திருந்தபோதும், ஊசி ஏற்றிய கையைத் தூக்கிப் பார்த்து அதையேதான் சொன்னாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை, ஷாலு?

“கேபிளுக்கு ரெண்டு முறுக்கு, நாணுக்கு அர முறுக்கு. நீண்டது சுருங்கிரும், அவ்ளோதான் பாஸ்,” என்றார் கடைக்காரர். நீ இருந்திருந்தால், “டீயும் தருவீங்களாண்ணே?” என்று கேட்டிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. சண்டை போட்டு நான் பேசாமல் கிடக்கும்போது, “ஐயா முறுக்கிக்கிட்டாரு,” என்பாயே, அதுதான் காதில் கேட்டது. அவர் வேலையை முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் மேகலா போன் செய்தாள். “வில்லுல ஏதும் பிரச்சனையா, அண்ணே?”

“இல்லம்மா, நல்லாதான் இருக்கு,” என்றேன். மறுபடியும்.

சனிக்கிழமை எல்லாரும் கிளப்புக்கு வருவார்கள். அன்று சிரித்த அதே இடத்தில் நின்று சொல்கிறேன்: “ஷாலு கை நல்லாதான் இருந்துச்சு. வில்லக் கெடுத்தது நான்.” அதைச் சொல்லாமல் வில்லை மேகலா கையில் கொடுக்க மாட்டேன்.

இன்னும் முறுக்கு இறங்காத
உன் வீட்டுக்காரன்,
தினேஷ்