மகிழினியின் முறை

நாள் 211, காலை 06:10

முதல் நிலையம், சீரிஸ் குறுங்கோள். எழுதுவது பேச்சித்தாய், நிலையக் காவல்.

உப்புநீர்க் குழாய் அழுத்தம் சரி. வெளியே குளிர் மைனஸ் நூற்றுப்பத்து, உள்ளே இருபத்திரண்டு. ஆக்சிஜன் இருப்பு தொண்ணூற்றாறு சதவீதம். கூடாரத்துக்குள் இருக்கும் ஒன்பது பாத்திகளில் ஏழில் உப்பு விளைந்துவிட்டது. மற்ற இரண்டும் நாளைக்கு.

இதை யார் எடுத்துப் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரினேன். இங்கே உப்பு எடுக்க ஆள் தேடியபோது பட்டம் வாங்கிய நாற்பது பேரைத் தள்ளிவிட்டு என்னை எடுத்தார்கள். மூன்றாம் நிலையத்தின் பொறியாளர் மகிழினி என் பேத்தி. கெட்டிக்காரி. யார் பேத்தி?

மூன்று நிலையங்கள், நிலையத்துக்கு ஒரு ஆள். இரண்டாம் நிலையத்தில் சவரிராயன், பம்பு மெக்கானிக். எனக்கும் மகிக்கும் நடுவே முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் பனியும் உப்பும். பத்தொன்பது நாளுக்கு முன் தரை அதிர்ந்து மலை மேலிருந்த ரேடியோ டவர் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து யார் குரலும் யாருக்கும் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை தலைக்கு மேல் போகும் சாட்டிலைட் சின்னச் சின்னக் கோப்புகளை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும்.

நாள் 213, காலை 09:30

அழுத்தம் சரி. எல்லாப் பாத்தியும் வாரியாயிற்று.

இன்று என் முறை. நாங்கள் மூவரும் கம்ப்யூட்டரில் கோட்டை ஆட்டம் ஆடுகிறோம். இருபத்தொரு கோட்டை, படை, குதிரை, தானியம். நான் என் முறையை ஆடி முழுப் பலகையையும் சவரிக்கு அனுப்புவேன், அவன் ஆடி மகிக்கு, அவள் ஆடி எனக்கு. கூடவே ஒரு வரி எழுதி அனுப்பலாம். ஒரு சண்டை முடிய ஒரு வருடம் ஆகும்.

டவர் விழுந்த பிறகு, எங்களை மேற்பார்க்கும் தலைமை நிலையமும் இதையே வருகைப் பதிவாக வைத்துக்கொண்டது. ஆட்டம் வந்தால் ஆள் நலம். வராவிட்டால் மீட்பு வண்டி புறப்படும். தனியாக ஒரு கோப்பு அனுப்பும் சிரமம் மிச்சம் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

நடுவில் சவரிக்குக் காய்ச்சல் வந்து ஆட்டம் பன்னிரண்டு நாள் நின்றது. மீட்பு வண்டி வந்து, மாத்திரை கொடுத்துவிட்டுத் திட்டிவிட்டுப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது மூன்று நாளுக்குள் ஆடாவிட்டால் அவர் கம்ப்யூட்டர் பெட்டியே அவருக்காக ஆடிவிடட்டும் என்று நான்தான் கேட்டேன். மகி அதற்கு ஒரு கோப்பு எழுதி மூன்று பெட்டிக்கும் அனுப்பி வைத்தாள். தலைமை நிலையத்துக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. விளையாட்டு விஷயம்தானே.

சவரியின் வரி: "பெரியம்மா, உங்க குதிரையெல்லாம் என் வயல்ல மேயுது. கட்டிப் போடுங்க."

மகியின் வரி: "ஆச்சி, வடகோட்டையில கஞ்சி காய்ச்ச ஆளில்லையாம். நானே வந்து இருந்துக்கிட்டேன்."

என் வடகோட்டையைப் பிடித்துவிட்டாள். இருக்கட்டும்.

நாள் 219, காலை 10:05

இரண்டாம் பம்பில் சத்தம். வாஷர் மாற்றினேன். சரி.

போன முறை சவரியோடு சமாதானம் பேசி, அவன் வயல் வழியாகப் படையைக் கொண்டுபோய், மகியின் தலைக்கோட்டையைப் பிடித்தேன். அவள் எதிர்பார்க்கவில்லை. இன்று வந்த வரி: "ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாத்துறீங்க. இனி உன்கூட கா."

எங்கள் வீட்டில் கா விடுவது விளையாட்டில்லை. விட்டவர் தானாக வாய் திறக்க மாட்டார். அவள் அம்மா ஒருமுறை என்னோடு ஏழு மாதம் பேசாமல் ஒரே வீட்டில் சோறு பொங்கினாள். நானும் பேசவில்லை. எல்லாருக்கும் ஒரே ரத்தம், ஒரே ரோசம். பேசாவிட்டால் போகட்டும். ஆட்டத்துக்கு வாய் எதற்கு?

நாள் 231, காலை 09:50

அழுத்தம் சரி. உப்பு நன்றாக விளைகிறது.

ஆட்டம் என் பக்கம். மகியிடமிருந்து நான்கு கோட்டை எடுத்துவிட்டேன். வரி எதுவும் இல்லை. சவரியும் எழுதவில்லை, அவனையும் நாலு தட்டு தட்டியதால் இருக்கும். நான் எழுதினேன்: "இன்னும் எத்தனை கோட்டை வேணும், கேட்டு வாங்கிக்கோ."

இன்று வடகோட்டையைச் சுற்றி வளைத்தேன். உள்ளே அவள் ஆட்கள் நானூறு பேர். தானியம் போகும் வழியை அடைத்துவிட்டேன்.

நாள் 243, காலை 09:40

பதினொரு கோட்டை என் கையில். இதை மகியின் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். என்னை ஆட்டத்தில் சேர்க்கும்போது சிரித்தவன் அவன்.

வடகோட்டையில் இருநூற்றுப்பத்துப் பேர்தான் மிச்சம். பசியில் குறைகிறார்கள். ஆற்றுப் பக்கம் வழியைத் திறந்தே வைத்திருக்கிறேன், ஓடிப் போகட்டும் என்று. போகவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். ஆனால் மகி ஒரு படையையும் பசியில் விட்டதில்லை. தோற்றாலும் ஆட்களை முதலில் வெளியே எடுத்துவிடுவாள். சின்னப் பிள்ளையில் பல்லாங்குழி ஆடும்போதும் காலிக் குழியில் தன் முத்து ஒன்றைப் போட்டு வைப்பாள்.

தோற்கிற கோபத்தில் கவனம் இல்லை போலும்.

நாள் 255, காலை 10:20

வடகோட்டையில் நாற்பது பேர். ஆற்று வழி திறந்தே கிடக்கிறது. ஒருவனும் நகரவில்லை.

பலகையை மூடிவிட்டு ஆடிய நேரத்தைப் பார்த்தேன். இதுவரை பார்த்ததில்லை, ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

சவரி ஆடியது: முந்தைய ஆட்டம் முடிந்து 72 மணி 00 நிமிடம் 00 நொடி. மகி ஆடியது: 72 மணி 00 நிமிடம் 00 நொடி. அதற்கு முந்தைய முறையும் அப்படியே. அதற்கு முந்தையதும். நாள் 219க்குப் பிறகு ஒரு முறைகூட மனிதர் கை படவில்லை.

முப்பத்தாறு நாளாக நான் இரண்டு பெட்டிகளோடு ஆடிக்கொண்டிருக்கிறேன்.

நாள் 255, காலை 11:15

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

நிலையத்தில் காற்று போனால் ஒதுங்க ஒரு பாதுகாப்பு அறை இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஐம்பது நாள் ஆக்சிஜன். அவள் நாள் 219இலேயே உள்ளே போயிருந்தால் இன்னும் பதினான்கு நாள். பெட்டி ஆடிக்கொண்டே இருந்ததால் தலைமை நிலையம் அவளை நலம் என்று எழுதியிருக்கிறது. நானும் அவளைக் கோபக்காரி என்று எழுதியிருக்கிறேன். மேலே இருக்கிறது, பாருங்கள்.

அவசரச் செய்தி வாரத்துக்கு ஒன்றுதான். தலைமை நிலையத்துக்கு அனுப்பினேன்: இரண்டிலும் மூன்றிலும் ஆடுவது ஆள் இல்லை, பெட்டி, உடனே போய்ப் பாருங்கள் என்று.

மகிக்கு வரி எழுதவில்லை. பெட்டிக்கு எழுதி என்ன? வரி அனுப்ப வேண்டுமானால் ஆட வேண்டும். நான் இனி ஆடப்போவதில்லை. என் ஆட்டம் வராவிட்டால் மீட்பு வண்டி என்னைத் தேடி வரும். வந்ததும் அப்படியே மூன்றாம் நிலையத்துக்குத் திருப்பிவிடலாம்.

நாள் 256, காலை 10:20

பதில் வந்தது: "மூன்று நிலையங்களும் தவறாமல் வருகை பதிந்துள்ளன. விளையாட்டுத் தகராறுகளை அவசர வழியில் அனுப்ப வேண்டாம்."

சாட்சிக்கு அப்படியே எழுதி வைக்கிறேன். பாத்தி வாரவில்லை. அழுத்தம் பார்க்கவில்லை.

நாள் 258, காலை 10:21

திரையில் வந்தது: "முதல் நிலையம், பேச்சித்தாய், ஆட்டம் அனுப்பப்பட்டது. வருகை பதியப்பட்டது."

என் பெட்டி எனக்காக ஆடிவிட்டது. நான் கேட்டு வாங்கிய விதி. இத்தனை மாதத்தில் ஒருநாளும் தாமதித்தவள் இல்லை என்பதால் அது என்னையும் பிடிக்கும் என்று தோன்றவேயில்லை. மூன்று நாளை வீணாக்கிவிட்டேன். பதினொன்று மிச்சம்.

பெட்டியின் வயரைப் பிடுங்கக் கை போனது. பிடுங்கினால் அதே பெட்டி ஓட்டும் காற்று இயந்திரமும் சூடும் சேர்ந்து நிற்கும், குழாய் உறைந்து வெடிக்கும். மகியைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி வர வேண்டிய இடம் இது ஒன்றுதான். பிடுங்கவில்லை.

மூன்றாம் நிலையத்துக்கு வண்டியில் போகிறேன். சவரியின் நிலையம் வேறு திசை, அவனை அப்புறம்தான் பார்க்க முடியும். மெதுவாக ஓட்டினாலும் நான்கு நாள்.

நாள் 260, மாலை 16:30. வண்டியில்

நூற்றெழுபது கிலோமீட்டர் வந்தாயிற்று. பேட்டரி பாதி. கை கால் மரத்துப் போகிறது. வண்டியின் சின்ன ரேடியோவில் இரைச்சல் மட்டும்.

என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது என்று யோசித்துக்கொண்டே வருகிறேன். கா விட்டவள் அவள். இருந்தாலும் நான் முதலில் பேசிவிடுகிறேன்.

நாள் 262, காலை 06:20. வண்டியில்

பாதை வளைந்து போகிறது. நேராக வெட்டினால் பதினெட்டு கிலோமீட்டர் மிச்சம். நடுவில் வெள்ளைத் தரை. உப்பு மேல் ஓடு கட்டியிருந்தது. கண்ணால் பார்த்தே ஓட்டின் கனம் சொல்லுவேன், முப்பது வருடம் உப்பில் நின்றவள். கனம் இருக்கிறது என்று சொல்லி இறக்கினேன்.

இது நம் ஊர் உப்பு இல்லை. ஓடு உடைந்தது. அடியில் சேறு. வண்டி மெல்ல, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் சாய்ந்தது. ஆன்டெனா ஒடிந்துவிட்டது. ரேடியோவில் கேட்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை. காற்றுத் தொட்டியில் கசிவு. உடுப்பில் எட்டு மணி நேர ஆக்சிஜன். மூன்றாம் நிலையத்துக்கு முப்பத்தொரு கிலோமீட்டர்.

நாள் 262, காலை 07:45. வண்டியில்

மகி பேசினாள்.

இரைச்சலுக்குள் திடீரென்று அவள் குரல். என் நிலையத்தைக் கூப்பிடுகிறாள். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

"ஆச்சி, நான் மகி. கேக்குதா? டவர் எந்திரிச்சிட்டு. நானும் சவரி அண்ணனும்தான் போய் நிமிர்த்தினோம். நாப்பது நாளு மலை மேல கூடாரத்துலயே கிடந்தோம், இப்பத்தான் நிலையத்துக்குத் திரும்பினேன். தலைமைக்குத் தெரிஞ்சா விடமாட்டாங்கன்னு, பெட்டிய ஆடவிட்டுட்டு யார்ட்டயும் சொல்லாம போனோம். உன்ட்ட சொல்லிட்டுப் போவோம்னுதான் இருந்தேன். அன்னிக்கிக் கோவம், கா விட்டிருந்தேன்லா. உன் குரலக் கேட்டு எழுபது நாளாச்சு ஆச்சி. பேசு."

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதுகிறேன். என் பேத்தி உயிரோடு இருக்கிறாள், அந்த டவரையே தூக்கி நிறுத்தியிருக்கிறாள்.

நான் பொத்தானை அழுத்திக் கத்தினேன். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினேன்.

கொஞ்சம் கழித்து அவளே: "என்னாச்சி, பேசமாட்டியா? நாலு நாளைக்கி முன்னாடிகூட ஆடியிருக்க, பாத்தேன். வடகோட்டையில என் ஆளுகளப் பட்டினி போட்டுட்டியே, அதுக்குக் கோவம் நான்லா படணும். சரி. எப்பப் பேசணும்னு தோணுதோ அப்பப் பேசு. நான் தூங்கப் போறேன், ஒடம்பெல்லாம் வலிக்கி."

ரேடியோ நின்றுவிட்டது.

நாள் 262, காலை 08:10. வண்டியில்

நடந்தே போகப் போகிறேன். வண்டி இருக்கும் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன், பாதையிலிருந்து கிழக்கே ஆறு கிலோமீட்டர். இதைப் படிப்பவர்கள் இங்கிருந்து வடக்கே என் கால் தடத்தைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். இந்த நோட்டை வண்டியிலேயே விடுகிறேன். இனி உடுப்பின் தலைத் தொப்பியில் இருக்கும் கருவியில் பேசிப் பதிகிறேன்; அதில் ரேடியோ கேட்கும், அனுப்ப முடியாது.

நாள் 262, பகல் 11:50. தொப்பிப் பதிவு

பதின்மூன்று கிலோமீட்டர். இங்கே உடம்புக்கு எடை கிடையாது, ஒரு எட்டு வைத்தால் வீடு தாண்டிப் போகிறேன். இறங்கும் இடம் கெட்டியா சேறா என்று இறங்கிய பிறகுதான் தெரிகிறது. இரண்டு தடவை இடுப்பு வரை புதைந்தேன். இடது கால் விரல் உணர்வில்லை.

மகி தூங்கட்டும். நாற்பது நாள் கூடாரத்தில் கிடந்த பிள்ளை. போய் எழுப்பிக்கொள்கிறேன்.

நாள் 262, பகல் 14:35. தொப்பிப் பதிவு

ஆக்சிஜன் முள் சிவப்பில். இருபத்தி… இருபத்துநாலு கிலோமீட்டர் இருக்கும். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. வலது கால் உள்ளே மாட்டியிருக்கிறது. உப்பு இறுகுகிறது. நம் ஊரில் வெயிலில் இறுகும், இங்கே குளிரில்.

உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நேரம்தான்.

நாள் 262, மாலை 15:00. தொப்பிப் பதிவு

ரேடியோ. மகி இல்லை. தலைமை நிலையம். டவர் வந்துவிட்டதால் வருகையைக் குரலிலேயே வாசிக்கிறார்கள். ஒரு பெண் குரல், தெளிவாக.

"மூன்றாம் நிலையம், மகிழினி. ஆட்டம் வந்தது, நலம்."

"இரண்டாம் நிலையம், சவரிராயன். ஆட்டம் வந்தது, நலம்."

"முதல் நிலையம், பேச்சித்தாய். முறை ஒன்றுகூடத் தவறவில்லை, நலம்."

மகியும் கேட்டுக்கொண்டிருப்பாள்.