கன்னத்தின் உள்பக்கம்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

சர்ச்சுக்குக் கிளம்பும் முன் என் மனைவி வின்னி என் வாயிலிருந்து முடி எடுத்தாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு என்னை அண்ணாந்து உட்கார வைத்தாள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் புருவம் எடுக்கும் இடுக்கி.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இடது கன்னத்தின் உள்பக்கம் புற்று இருந்த சதையை வெட்டி எடுத்தார்கள். குழியை மூட என் மார்பிலிருந்தே தோலும் சதையுமாகத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள். அப்பாவைப் போல எனக்கும் மார்பெல்லாம் முடி. அது இப்போது வாய்க்குள் வளர்கிறது.

எழுதிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது? வின்னிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதும்.

"ஆச்சுங்க. கொப்புளிச்சிட்டு வாங்க, மணி அடிச்சிடுவாங்க" என்றாள். காய்கறி நறுக்கி முடித்தவள் மாதிரி சாதாரணமாக.

7 பிப்ரவரி

இன்றும் ரயிலில் நின்றேதான் போனேன். ராஜேந்திரன் இடம் பிடித்து வைத்திருந்தான். நாங்கள் இருவரும் எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் ஏறி, ஒயிட்ஃபீல்டில் ஒரே கம்பெனி ஸ்டோர்ஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம்.

"இன்னா பர்னா, எங்ககூட குந்தினா இன்னா கொறைஞ்சா பூடும்?" என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

கால் மரத்துப்போகிறது, நிற்கிறேன் என்றேன். பொய். பங்காருபேட்டை தாண்டியதும் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். என் பக்கமும் நீட்டுவார்கள். இட்லித் துகள் முடியில் சிக்கிக்கொண்டால் நாக்கால் துழாவ வேண்டும். வராவிட்டால் விரலை விட்டு எடுக்க வேண்டும். நாலு பேர் முன்னால் செய்கிற காரியமா அது? பேச்சும் கொழகொழவென்று வருகிறது. ஒரே வார்த்தையை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் வாசல் பக்கம் நின்று காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறேன். அதில் பாட்டு எதுவும் ஓடாது.

11 பிப்ரவரி

பெங்களூர், செக்கப். சர்ஜன் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வெகுநேரம் பார்த்தார். முடியைப் பற்றி நானே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது மார்புத் தோல் சார். வாய்க்குள்ள வந்துட்டோம்னு அதுக்குத் தெரியாது. அங்க பண்ணின வேலையை இங்கயும் பண்ணுது" என்றார். சிலருக்கு கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்ததில் முடியின் வேர் செத்துவிடுமாம். எனக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் கரண்ட் தேவைப்படவில்லை. நல்லதுதான் என்று அப்போது எல்லாரும் சொன்னோம்.

பிறகு தையல் ஓரத்தில் விரலை வைத்து, "இது எப்போலருந்து இருக்கு?" என்றார். வெள்ளையாக ஒரு திட்டு.

எனக்குத் தெரியாது. வின்னியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு துணுக்கு வெட்டி டெஸ்டுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

12 பிப்ரவரி

வேலைக்குப் போகவில்லை.

14 பிப்ரவரி

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. வின்னி வீட்டிலிருந்த ஜன்னல் ஸ்கிரீன் துணி எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாள். துவைத்துக் காய்ந்ததைத் திரும்பவும் துவைத்தாள்.

18 பிப்ரவரி

இல்லை. புற்று இல்லை. முடி ஓயாமல் உரசி உரசிப் புண்ணாகி அப்படி வெளுத்திருக்கிறதாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வின்னி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் வாங்கி வந்தேன். எதிரில் ஒரு அம்மாள் தன் மகனின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார். அவர் முன்னால் சந்தோஷப்படக்கூட மனம் வரவில்லை.

இப்படியே உரச விடக்கூடாது என்றார் சர்ஜன். முடி வளராமல் செய்ய லேசர் இருக்கிறது, அதற்கு டாக்டர் ராதிகாவைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

25 பிப்ரவரி

லேசர் கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் வழவழப்பான கன்னங்களின் படம். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எனக்கு மகள் வயதுப் பெண்கள், கல்யாணத்துக்கோ காலேஜ் விழாவுக்கோ வந்தவர்கள். ரிசப்ஷன் பெண் வின்னியைப் பார்த்து, "மேடம், உங்களுக்குத்தானே?" என்றாள். எனக்கு என்றதும் எந்த இடம் என்று கேட்டாள். வாயைத் திறந்து காட்டவா முடியும்? டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

டாக்டர் ராதிகாவுக்கு முப்பது வயது இருக்கும். மைசூர்ப் பக்கம், கன்னடம் கலந்த தமிழ்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். வாய்க்குள்ள நான் இதுவரைக்கும் பண்ணதில்ல. உங்க சர்ஜன்கிட்ட பேசறேன், படிக்கறேன். சொல்ப டைம் கொடுங்க."

அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு விளக்கினார். லேசர் கறுப்பைத் தேடிப் போகும். முடியின் கறுப்பு வழியாக இறங்கி வேரைச் சுடும். பிடுங்கிவிட்டால் வேர் இருக்காது, லேசர் சுடுவதற்கும் ஒன்றும் இருக்காது. ஆகவே இன்றிலிருந்து ஒரு முடியும் பிடுங்கக்கூடாது. முந்தின நாள் கத்தரியால் ஒட்ட வெட்டிவிட்டு வர வேண்டும். வெள்ளை முடி மட்டும் லேசருக்கு மசியாது.

"எத்தன நாளு புடுங்காம இருக்கணும்?" என்றாள் வின்னி.

"ஒரு மாசம்."

அவள் முகம் ஏனோ மாறியது.

5 மார்ச்

ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள் தொடங்கிவிட்டன. எனக்கு இந்த வருடம் தனியாக உபவாசம் வேண்டாம். கஞ்சி தவிர எது சாப்பிட்டாலும் வாய்க்குள் தங்கிவிடுகிறது. பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நாக்கு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போய்ப் போய் அதையே தொடுகிறது. ஈரத் துணியில் ஒட்டிய நாய்முடி மாதிரி. சீ.

9 மார்ச், ஞாயிறு

இன்று வின்னியோடு சண்டை.

காலையில் வழக்கம்போல டார்ச்சோடு வந்தாள். பிடுங்கக்கூடாதே, எதற்கு டார்ச் என்றேன். "சும்மா பாக்கறேன், தொறங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க நான் என்ன மிருகக்காட்சி சாலையா என்று கேட்டுவிட்டேன். அதுவும் என் வாயில் சரியாக வரவில்லை. மிருகம் என்பது ஏதோவாக வந்தது.

டார்ச்சைக் கட்டில் மேல் போட்டாள்.

"முடி எடுக்கத்தான் வாரா வாரம் வாயத் தொறக்கச் சொல்றேன்னு நெனச்சிட்டு இருக்கீங்களா? நான் முடியப் பாக்கவே இல்லங்க. அது திரும்ப வந்திருச்சான்னு பாக்கறேன். முடி ஒரு சாக்கு. அந்த வெள்ளைத் திட்ட டாக்டர் பாக்கறதுக்கு முந்தின மாசமே நான் பாத்துட்டேன். சொல்றதுக்கு வாய் வரல."

ஒன்றரை வருடமாக என் அசிங்கத்தைப் பொறுத்துக்கொள்கிறாளே என்று நான் கூனிக் குறுகிக்கொண்டிருந்தேன். அவள் அசிங்கத்தைப் பார்க்கவே இல்லை. இவ்வளவு நாளும் அவளும் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். ஒரே வீட்ல. ஒரே கட்டில்ல. எனக்கு இன்னா தெரிஞ்சுது?

நாற்காலியை ஜன்னலோரம் நானே எடுத்துப் போட்டேன்.

24 மார்ச்

வின்னி வளைந்த கத்தரியை வெந்நீரில் கொதிக்க வைத்து, முடியை ஒட்ட வெட்டினாள். கீழே விழுந்தவை பஞ்சில் ஒட்டியிருந்தன. கொஞ்சம் வெள்ளையும் இருந்தது. இருவருமே பார்த்தோம்.

25 மார்ச்

முடிந்தது.

கண்ணுக்கு இறுக்கமான கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். பல்லிலும் நாக்கிலும் ஈரப் பஞ்சு. மரத்துப்போக ஒரு ஸ்பிரே. புகையை இழுக்க ஓரத்தில் ஒரு குழாய். "ரப்பர் பேண்ட் சுண்டின மாதிரி இருக்கும். நோவு தாங்கலன்னா கைய தூக்குங்க" என்றார் டாக்டர்.

நடுவில் ஒன்றும் தெரியவில்லை. வைத்துத் தைத்த சதைக்கு உணர்ச்சி இல்லை, எங்கோ பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுவது போல இருந்தது. ஓரத்துக்கு, என் சொந்தக் கன்னத்துக்கு வந்தபோதுதான் சுரீரென்றது. கையைத் தூக்கவில்லை. வலியைவிட வாசனைதான் கஷ்டம். முடி பொசுங்கும் நாற்றம் வெளியிலிருந்து மூக்குக்கு வரவில்லை, என் தொண்டைக்குள்ளிருந்து மேலே ஏறி வந்தது. என்னை நானே எரிப்பது போல. கர்த்தாவே, கர்த்தாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

டாக்டருடைய நெற்றியிலும் வேர்வை. முடிந்ததும் அவர்தான் முதலில் உட்கார்ந்தார்.

26 மார்ச்

கன்னம் வீங்கிவிட்டது. ஆறின ராகிக் கஞ்சி, உப்புத் தண்ணீர், துணியில் சுற்றிய ஐஸ்.

27 மார்ச்

வீக்கம் கண் வரை ஏறியிருக்கிறது. ராத்திரி தூக்கமில்லை. தப்பு பண்ணிட்டமா? சும்மா கெடந்ததப் போய் நோண்டிட்டமா? வின்னி டாக்டருக்கு போட்டோ அனுப்பினாள். பயப்பட வேண்டாம், இறங்கிவிடும் என்று பதில் வந்தது. மதியமே அவர் போன் பண்ணியும் கேட்டார்.

30 மார்ச், ஞாயிறு

இறங்கிவிட்டது. உப்புப் போட்ட மோர் குடித்தேன். எரியவில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

முடி தானாகக் கழன்று வருகிறது. கொப்புளிக்கும்போது வாஷ்பேசினில் கறுப்பு கறுப்பாக. இழுக்கக்கூடாது, தானே விழட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வின்னி பேசினைக் கழுவாமல் விட்டுவிட்டு வந்து வந்து பார்க்கிறாள்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

திருவிருந்து வாங்கினேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தரம். அப்பம் வாயில் கரைந்தது, எதிலும் மாட்டவில்லை. திராட்சரசப் பாத்திரம் வந்தபோது, எனக்கு அடுத்தவர் என் வாய் பட்ட இடத்தில் குடிப்பாரே என்று தயங்கினேன். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த ஏசுபாதம் அண்ணன் அதையே வாங்கிக் குடித்தார். அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் குடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

20 மே

லேசர் இரண்டாம் தரம். வலி குறைவு. நாற்றம் அதேதான்.

15 ஜூலை

மூன்றாவது. கறுப்பு அநேகமாகப் போய்விட்டது. வெள்ளை நாலைந்து நிற்கிறது. "அது உங்ககூடவே இருக்கட்டும் சார்" என்றார் டாக்டர் ராதிகா. தையல் ஓரத்து வெள்ளைத் திட்டும் இல்லை. என் வாயைப் பார்த்துப் படித்ததை வைத்து இன்னொருவருக்கும் இதே மாதிரி செய்யப் போகிறாராம். என்னைப் பற்றி அவரிடம் சொல்லச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன்.

4 ஆகஸ்ட்

இப்போதெல்லாம் ரயிலில் உட்கார்ந்துதான் போகிறேன். இன்று ராஜேந்திரன் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அவன் மனைவி மங்கம்மா எலுமிச்சம்பழ சாதம் கொடுத்தனுப்பியிருந்தாளாம். பசியில்லை என்று என்னிடம் நீட்டினான். குட்காவை மட்டும் விடவில்லை. வலது பக்கமாக அடக்கிக்கொள்கிறான். முன்பெல்லாம் இடது பக்கம்தான்.

கன்னத்தில் முதலில் புண் வந்தபோது நானும் குட்காவை அப்படித்தான் பக்கம் மாற்றினேன்.

5 ஆகஸ்ட்

ஏன் பக்கம் மாற்றினாய் என்று ராஜேந்திரனைக் கேட்டேன். "பல்லு குத்துது, விடு" என்றான்.

வின்னியிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

6 ஆகஸ்ட்

மாலூர் தாண்டியதும் ராஜேந்திரனை வாசல் பக்கம் அழைத்துப் போனேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. போன் டார்ச்சை அவன் கையில் கொடுத்து, "பாரு" என்று வாயைத் திறந்தேன்.

அவன் பார்த்தான். டார்ச் வெளிச்சம் என் கன்னத்துக்குள் ஆடியது. பாத்ரூம் போகிற ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"இன்னா பர்னா இது? வேற தோலா?"

"மார்புத் தோலு. முடி மொளைச்சுது அதுல. லேசர் வெச்சு எடுத்தேன். அதான் ஒங்ககூட குந்தாம நின்னேன்."

"ஏன்டா சொல்லல?"

"வெக்கம்டா."

அவன் டார்ச்சை அணைக்கவில்லை. அதை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் வாயைத் திறந்தான். முழுக்கத் திறக்க முடியவில்லை. இரண்டு விரல் அளவுதான் திறந்தது. அதற்குள் பார்த்தேன், இடது கன்னத்தில் ஒரு புண்.

12 ஆகஸ்ட்

ராஜேந்திரனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மங்கம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டானாம். வின்னி அவளோடு வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்த அதே சர்ஜன்தான். ஒரு துணுக்கு வெட்டி எடுத்துக்கொண்டார். சின்னதாகத்தான் இருக்கிறது, சீக்கிரம் வந்தீர்கள் என்றார். மற்றதெல்லாம் ரிப்போர்ட் வந்த பிறகு.

திரும்பும்போது ஜன்னலோரம் அவனை உட்கார வைத்தேன். வாயில் பஞ்சு. ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் பஞ்சோடு ஏதோ சொன்னான். புரியவில்லை. திரும்பச் சொன்னான்.

"எனக்கும் முடி மொளைக்குமா?"

"மொளைச்சா எடுத்துக்கலாம்டா."

தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். கஞ்சியை எப்படி ஆற வைப்பது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, தையல் பிரிக்கிற அன்றைக்கு வின்னி என்ன சொன்னாள் என்றெல்லாம். சாம்பியன் ரீப்ஸ் வந்ததே தெரியவில்லை.