வீட்டுக்கு ஏன் கூப்பிடவில்லை

அண்ணி,

நேற்று கூரியரில் ஓர் உறை வந்தது. தடித்த அட்டை, ஓரமெல்லாம் பொன்னிறம், பிரித்ததும் சந்தன வாசனை. உங்கள் சம்பந்தியம்மா அனுப்பியதுதான். காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதற்காகத் திருச்சியில் நடத்துவார்களே, அந்த ஃபேஷன் நிகழ்ச்சி இந்த வருடமும் நடக்கிறதாம். நீங்கள் இருந்திருந்தால் முதலில் அட்டையை மோந்து பார்த்திருப்பீர்கள். பிறகு ஓரத்தை நகத்தால் சுரண்டி, "இது பூசுனதா, தாளே இப்படியா?" என்று கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தக் கேள்வியெல்லாம் தோன்றவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது.

ஆனால் அழுகையைச் சொல்வதற்காக இதை எழுத உட்காரவில்லை. உங்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனையோ வருடமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அட்டை கிடைத்தது என்று சொல்ல நேற்று சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். போனது போகட்டும் என்று அந்தக் கேள்வியைக் கேட்டும்விட்டேன். பதில் கிடைத்துவிட்டது. அதைக் கேட்க நீங்கள்தான் இல்லை.

முதலில் இருந்து வருகிறேன். எனக்கும் அப்படிச் சொன்னால்தான் தெளியும்.

வெண்ணிலா திருச்சியில் வேலைக்குப் போய், கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றபோது, நீங்கள் குரும்பலூர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் அப்போதே இல்லை. மகளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "அவங்க வூட்ல யாரு சமைப்பா?" என்று கேட்டீர்கள். பையன் என்ன சாதி, என்ன சம்பளம் என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது உங்களுக்கு இதுதான் கவலையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பையனுடைய அம்மா கணவரை இழந்தவர், திருச்சியில் துணிக்கடை வைத்திருப்பவர். ஒரு நாள் அவரே போன் செய்தார். இந்த மாதிரி ஒரு நிகழ்ச்சி நடத்துகிறோம், சாயங்காலம் வாருங்கள், முடிந்ததும் வெளியே எங்காவது சாப்பிட்டுக்கொண்டே பேசலாம், பிள்ளைகள் வேண்டாம், பெரியவர்கள் மட்டும் என்றார். நீங்கள் "சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். வைத்ததும் முகம் இறுகிவிட்டது.

"வூட்டுக்கு வாங்கன்னு ஏன் புள்ள சொல்லல?"

அன்றைக்குத் தொடங்கிய கேள்வி அது.

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். டவுன்காரர்கள் இப்படித்தான், எல்லாவற்றையும் வெளியில் வைத்துக்கொள்வார்கள் என்றேன். நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்கு வேறு கணக்கு இருந்தது. நம் குடும்பத்துக்கு முந்தைய தலைமுறை வரை சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. சின்னப் பிள்ளையில் உங்கள் அம்மாவோடு களை வெட்டப் போன வீடுகளில், கொல்லைப் பக்கம் நின்று சோறு வாங்கியவர் நீங்கள். நடுவீட்டுக்குள் கூப்பிட மனமில்லாதவர்கள் எப்படியெல்லாம் நாசூக்காகப் பேசுவார்கள் என்பது உங்களுக்கு அத்துப்படி. அந்தப் போனிலும் அதே நாசூக்குத்தான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. இதை எனக்குச் சொன்னதில்லை. நானாகப் புரிந்துகொள்ள ரொம்ப நாளானது.

பெரம்பலூரில் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டீர்கள். "போவம், பாப்பம், பேசுவம். ஆனா நான் கை நனைக்க மாட்டேன்."

சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டாரோடு உட்கார்ந்து கை நனைத்துச் சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும் என்பது நம் பக்கத்து வழக்கம். அது வீட்டுக்குத்தானே, ஓட்டலுக்கும் உண்டா என்று கேட்டேன். "சோறு எங்க போட்டா என்ன, போடறது அவங்கதான?" என்றீர்கள். பாடாலூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

ஆனால் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் கோபம் எங்கே போனதோ! ஏசிக் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தீர்கள். பெண்கள் ஒவ்வொருவராக வெளிச்சத்தில் நடந்து வந்து, நின்று, இடுப்பில் கை வைத்துத் திரும்பிப் போனார்கள். எனக்குப் புடவைகள் தெரிந்தன. உங்களுக்கு வேறு என்னென்னவோ தெரிந்தது. "அந்தப் புள்ள போட்டுருக்க செருப்பு அதோடது இல்ல பாரு, குதிங்கால் வெளிய நிக்குது." "இந்தப் பொண்ணுக்குப் பின்னால ஜாக்கெட்டுல ஊக்கு குத்திருக்காங்க. எப்படித் திரும்புதுன்னு பாரு, ஊக்கு தெரியாம." பக்கத்தில் இருந்த அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த வெட்கம்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முடிந்ததும் அந்த அம்மா நம்மை ஓட்டலுக்கு அழைத்துப் போனார். எட்டு மணிகூட ஆகவில்லை. மேசையில் மூன்று பேர்தான். முதலில் சூப் வந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், கரண்டியைப் பார்த்தீர்கள், என் பக்கம் சாய்ந்து காதோடு கேட்டீர்கள்.

"ஸ்பூன்ல சாப்ட்டா கை நனையாதுல்ல?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவதுபோலச் சமாளித்தேன். நீங்கள் வெகு மரியாதையாக சூப்பைக் குடித்து முடித்தீர்கள். அடுத்து வந்த ஃப்ரைட் ரைஸையும் கரண்டியிலேயே சாப்பிட்டீர்கள். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, வாக்கும் கெடவில்லை. ஆனால் நடுவில் ஒரு கூடையில் ரொட்டியும் பக்கத்தில் குருமாவும் இருந்தன. அதைப் பிய்க்கக் கை வேண்டும். நீங்கள் தொடவில்லை. அந்த அம்மாவும் தொடவில்லை. அவரும் கரண்டியும் கையுமாகவே இருந்தார். டவுன்காரர், அப்படித்தான் சாப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் மட்டும் ரொட்டியை எடுத்தால் என்ன அர்த்தமாகுமோ என்று பயந்து நானும் எடுக்கவில்லை. ரொட்டி ஆறி விறைத்துப்போனது. பரிமாறுகிறவர் வந்து, "நல்லா இல்லையா மேடம், மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் "இல்லல்ல, நல்லாருக்கு" என்றோம்.

பேச்சும் ரொட்டி மாதிரிதான் இருந்தது. கடை எப்படிப் போகிறது, பெரம்பலூரில் மழை உண்டா. கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வெண்ணிலா அங்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு ஒரே கவலை. அப்போதுதான் நீங்கள் திடீரென்று கேட்டீர்கள்.

"ஏங்க, அந்தப் புள்ளைங்க நடந்துதுங்களே, ஒண்ணுகூட ஏன் சிரிக்கல? நல்ல காரியத்துக்குத்தான நடக்குதுங்க? யாரு மேல கோவம்?"

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். ஏதாவது தப்பாகப் போய்விட்டதோ என்று நான் பார்க்கிறேன், அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கும் தெரியலைங்க. இத்தனை வருஷமா நடத்துறேன், யாருகிட்டயாவது கேக்கணும்னு தோணும். கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு நெனப்பாங்களேன்னு கேட்டதில்ல" என்றார்.

நீங்கள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு கூடையை இழுத்து, விறைத்துப்போன ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, குருமாவில் நன்றாக முக்கி, வாயில் போட்டீர்கள். நாலு விரலும் நனைந்தது.  அந்த அம்மாவும் ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்தார். உங்களுக்குத் துணையாக மரியாதைக்கு எடுக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். கை கழுவினதுமே, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, வரோம்" என்று எழுந்துவிட்டீர்கள். அவர் ஏதோ சொல்ல வந்தார். நீங்கள் வாசலுக்கே போயிருந்தீர்கள்.

பஸ்ஸில் என்னிடம் சொன்னீர்கள்: "குடுத்துருவம். தெரியலன்னா தெரியலன்னு சொல்ற மனுசி." கொஞ்ச தூரம் போனதும், "ஆனா வூட்டுக்கு ஏன் கூப்பிடல?"

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போனீர்கள், சமையலறை வரைக்கும் போய் சம்பந்தியம்மாவின் குழம்பைக் குறைசொல்லிவிட்டு வந்தீர்கள். இருந்தாலும் அந்த முள் போகவில்லை. கீரை ஆயும்போது, பேரனைத் தூங்க வைக்கும்போது, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடக் கேட்டீர்கள். "எல்லாம் நல்லவங்கதான். ஆனா அன்னைக்கு ஏன் புள்ள கூப்பிடல?" நீங்களே கேட்டுவிடுங்கள் என்றால் மாட்டேன் என்பீர்கள். பிடிக்காத பதில் வந்துவிடுமோ என்ற பயம். ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேள்வி கேட்டே ஓடவிடுகிற உங்களுக்கு இந்த ஒன்றைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

நேற்று நான் கேட்டேன். சம்பந்தியம்மா சொன்னார்.

"நான் பொறந்தது உங்க பக்கந்தாங்க, கல்லங்குறிச்சி. எங்க அம்மா இந்தக் கை நனைக்கிற விஷயத்துல ரொம்பக் கறாரு. காதல் கல்யாணம், பொண்ணு வீட்டுக்காரங்க கோவமாத்தான் வருவாங்கன்னு எனக்கு ஒரே பயம். வீட்டுக்குக் கூப்பிட்டு, நான் ஆக்கி வெச்சு, உங்க அண்ணி கை நனைக்காம எந்திரிச்சுப் போயிருந்தா நான் எப்படித் தாங்குவேன்? என் பையன் மொகத்துல எப்படி முழிப்பேன்? ஹோட்டல்னா அங்க சமையல் பிடிக்கலன்னு நெனச்சுக்கலாம். அதாங்க. அவங்க ரொட்டியத் தொடுறவரைக்கும் நானும் தொடல."

 அவரே மறுபடி சொன்னார்.

"இன்னொண்ணு சொல்லவா? அன்னைக்கு வீட்லயும் ஆக்கித்தான் வெச்சிருந்தேன். கறிக்கொழம்பு. எல்லாம் நல்லபடியாப் போச்சுன்னா அப்பிடியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு. உங்க அண்ணி ரொட்டி சாப்ட்டதும் கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. ராத்திரி என்னாலயும் பையனாலயும் அதத் தின்னு தீக்க முடியல."

கேட்டீர்களா அண்ணி? கூப்பிட மனமில்லாத வீடு இல்லை அது. உங்களுக்காகக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த வீடு. நீங்கள்தான் எழுந்து வந்துவிட்டீர்கள். நீங்கள் போவதற்குப் பத்து நாள் முன்னாலாவது இது தெரிந்திருக்கக் கூடாதா என்று ஆறவே மாட்டேன் என்கிறது. உங்கள் மேல் கோபமாக வருகிறது. அதை விட என் மேல். நான் ஒரு போன் போட்டிருந்தால் போதும், அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

என் மகனுக்கு, அண்ணி, ஆலத்தியூரில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம். பெண்ணுடைய அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். இன்று காலையில் என் வீட்டுக்காரர், "காபியோட நிறுத்திக்க, முடிவாகாம கை நனைக்க வேண்டாம்" என்று இப்போதே என்னை எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அந்த வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை காலையிலிருந்தே அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். முடிவாகிறதோ இல்லையோ, இலை போட்டால் உட்காருவேன், சாப்பிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்திருக்க மாட்டேன்.