எந்தக் காலுக்கு இந்தக் கிளட்ச்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். போனில் பேசலாம் என்றால் உன் அக்கா பிடுங்கிக்கொள்கிறாள், என் முறை வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். நான் படித்த நாலாம் வகுப்புக்கு எழுத்து இவ்வளவுதான் வரும், சிரிக்காதே.

நம் காருக்குக் கிளட்ச் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் பெரிய வளைவு தாண்டி நாலாவது கியரில் அழுத்தினேன். இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டியோ, கல்யாணப் பேச்சு எடுத்தால் நீ நிற்பாயே, அப்படி நிற்கிறது. இன்ஜினுக்கு நாம் ஏற்றிய பலத்தைப் பழைய டிஸ்க் தாங்கவில்லை.

நீ பார்ட்ஸ் கடையில்தானே இருக்கிறாய், பார்த்து அனுப்பு. முரட்டுச் சாமான் வேண்டாம். மெத்தென்று பிடிக்க வேண்டும், சூடும் தாங்க வேண்டும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் பழையதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக இருந்தால் போதும். வாரமெல்லாம் உன் அக்காவை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிற வண்டி அது, ஞாயிறு மட்டும்தான் பந்தயம். என் இடது முட்டியும் உனக்குத் தெரியும். வழுக்கி விழுந்தேன் என்றுதான் உன் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ ஜாக்கியை நழுவவிட்டு கியர்பாக்ஸ் என் மேல் விழுந்தது தெரிந்தால் இந்த வீட்டில் உனக்குச் சோறு கிடையாது.

“அவன் நேரத்துக்குச் சாப்பிடுறானான்னு கேளுங்க” என்கிறாள். கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 11

அன்புள்ள அத்தான்,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்ன ரகம் இந்த வருஷத்துக்குப் பத்தாது. உலோகக் கட்டிகள் பதித்த பந்தய டிஸ்க்கும் அதற்கேற்ற பிரஷர் பிளேட்டும் அனுப்பியிருக்கிறேன். என் முதலாளியும் இதுதான் சரி என்றார். வண்டியில் இப்போது அவருக்கும் ஆர்வம் வந்திருக்கிறது. வழக்கம்போல மாட்டி, புது டிஸ்க் படியும் வரை ஊருக்குள் ஓட்டிப் பழக்கி வையுங்கள். உங்களைப் போல கிளட்ச் பழக்க யாருக்கும் வராது. மற்றதை நேரில் பேசலாம்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 19

அன்புள்ள மச்சானுக்கு,

சாமான் வந்தது, மாட்டிவிட்டேன். பெடலை மிதிப்பது பீரோவைத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. பாதி மிதி என்பதே கிடையாது. விட்டால் பிடிக்கும், மிதித்தால் விடும், அவ்வளவுதான். சிக்னலில் வண்டி தவளை மாதிரி தாவியது. பின்னால் வந்த பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, “என்ன பெரியவரே, இன்னிக்குத்தான் பழகுறீங்களா?” என்றார். “ஆமாம்பா, நீ வந்து கத்துக்கொடு” என்றேன். உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

சாயங்காலம் முட்டி வீங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, “உங்க முட்டி அவனுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். மறந்திருப்பான் என்றேன்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். கிளட்ச் வாங்குகிறவன் முதலில் மிதிக்கிற காலைப் பார்ப்பான். இது என் காலுக்கு வாங்கியது இல்லை. யார் காலுக்கு வாங்கினாய்? மறந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப்போடு. நான் நம்பிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 27

அன்புள்ள அத்தான்,

உங்களிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. மறக்கவில்லை.

இனி வண்டியை முதலாளியின் மகன் ஓட்டுவான். ஜனவரியிலேயே பேசி முடித்துவிட்டோம். அவர்கள் பணம் இல்லாமல் பெரிய பந்தயத்துக்குப் போக முடியாது. வண்டி என் பெயரில் இருப்பதால் ஒப்பந்தத்தில் நானே கையெழுத்து போட்டுவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. உங்கள் முட்டிக்கும் ஓய்வு கிடைத்த மாதிரி இருக்கும். மெக்கானிக்காக நீங்கள்தான் கூட இருக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

கிளட்சை மட்டும் பழக்கி முடித்துவிடுங்கள். அந்தப் பையனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அக்காவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 5

வண்டியின் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். கிளட்ச் மாட்டும் வேலை முடிந்தது. போல்ட் எல்லாம் சரியாக முறுக்கியிருக்கிறேன், கேபிளும் அளவாக வைத்திருக்கிறேன். அதில் குறை வராது.

பழக்கும் வேலை முடியவில்லை. உங்கள் கடிதம் வரும்வரை ஓட்டியதோடு சரி. மீதியை ஓட்டப்போகிறவரே ஊருக்குள் நின்று நின்று ஓட்டிப் பழக்கட்டும். பழக்காமல் தடத்தில் இறக்கினால் முதல் பந்தயத்திலேயே டிஸ்க் கருகிவிடும். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட்டேன் என்று பேச்சு வரக்கூடாது. மெக்கானிக்காக வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அது என் முதுகுக்கு வளைத்தது, வேறு யாருக்கும் பொருந்தாது. வண்டி என் பட்டறை வாசலில் நிற்கிறது, சாவி காவல்காரரிடம் இருக்கிறது.

உங்கள் அக்கா நேற்றிலிருந்து பஸ்ஸில் போகிறாள். வண்டி எங்கே என்று கேட்டாள். விற்றாயிற்று என்றேன். அப்புறம் என் முட்டியைப் பார்த்துக்கொண்டே, “நிஜமாவே வழுக்கித்தான் விழுந்தீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதையும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. எப்போது வந்தாலும் இந்த வீட்டில் உங்களுக்குச் சோறு உண்டு. நான் அப்போது பட்டறையில் இருப்பேன்.

இப்படிக்கு,
மெக்கானிக்