பதினோரு நாள் என் கையில் இருந்த வாட்ச்

தார்நாகா,
9-11-2025

அன்புள்ள அச்யுத்துக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீயும் வர்ஷினியும் அவள் வயிற்றில் இருக்கிற குழந்தையும் அந்தக் குளிரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். வாரம் மூன்று தடவை வீடியோவில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ போனை டைனிங் டேபிளில் நிறுத்தி வைத்துவிடுகிறாய், அங்கே வர்ஷினி பக்கத்தில் இருக்கிறாள், இங்கே அப்பா நடுவில் தலையை நீட்டுகிறார். இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது. உன் சிநேகிதன் இர்பான் செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர் லைப்சிக் திரும்புகிறானாம், அவனிடம் ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மெதுவாகப் படி, ஆனால் பாதியில் வைத்துவிடாதே.

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை தோறும் லாலாகுடா போய், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்தவர்களோடு டீ குடித்துவிட்டு வருகிறார். சர்க்கரை போட்டதா போடாததா என்று கேட்டால், விசாரணை நக்கோ, வேண்டாம் என்கிறார். மாடியில் தண்ணீர் ஒழுகுவதை அடைத்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இர்பான் உன் பையைக் கொண்டுவந்தான். அப்பாவுக்கு ஸ்வெட்டர், எனக்கு முட்டிக்கு மாட்டுகிற உறையும் இரண்டு பாக்கெட் பாதாமும். அடியில் நன்றாகச் சுற்றி ஒட்டின சின்னப் பெட்டி, மேலே உன் கையெழுத்தில் உன் மாமியார் புஷ்பாவின் பெயர். என்னவென்று தெரியாமல் நானே மாதாப்பூர் போய் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். தீபாவளியன்று அவளும் மகன் ரஞ்சனும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அப்பளத்துக்கு அவள் கையை நீட்டினபோது மணிக்கட்டில் அந்த வாட்சைப் பார்த்தேன். டயலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வலது பக்கம் இரண்டு குமிழ் தெரிந்தது, அது போதும் எனக்கு. சாம்பல் நிற டயல், அலாரத்துக்கென்று நுனியில் அம்பு வைத்த மெல்லிய நாலாவது முள், அறுபது வருஷத்துப் பழசு, ஒரு கீறல் இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் சந்தோஷமாக, "மாப்பிள்ளை அனுப்பிச்சாருங்க" என்றாள்.

உனக்குத் தெரியாததா அச்யுத். எண்பத்தெட்டில் ஜெனரல் பஜாரில் பழைய வாட்ச் விற்கிறவரிடம் நான் அந்த சுவிஸ் அலாரம் வாட்சை வாங்கினபோது நீ பிறக்கக்கூட இல்லை. நான் வேலை பார்த்த லேபில் நாற்பது நிமிஷத்துக்கு ஒருதரம் சாம்பிள் எடுக்க வேண்டும், சுவர்க் கடிகாரத்தை நம்பி இரண்டு தடவை கெடுத்திருந்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் என் மணிக்கட்டில் அதுதான். மேல் குமிழைத் திருகினால் அலாரத்துக்குச் சாவி, கீழ்க் குமிழைத் திருகினால் மணிக்குச் சாவி. அலாரத்தின் வில் முறுகி முறுகி இனிமேல் வராது என்று விரலுக்குச் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது, அந்த இடத்தில் விரலை நிறுத்துவதே ஒரு சுகம். கையில் கட்டியிருந்தால் முணுமுணுக்கும், கழற்றி மேஜையில் வைத்தால் அதே வாட்ச் கத்தும். உள்ளே வண்டு இருக்கா அம்மா என்று நீ கேட்பாய், காதில் வைத்துக்கொண்டு அது அடிக்கிற பதினைந்து விநாடியும் மூச்சு விடாமல் நிற்பாய். அந்த வாட்சில் உள்ளே தட்டுகிற சின்னச் சுத்தி மூன்று வருஷம் முன்னால் உடைந்துபோனது. அதே வாட்ச் இன்னொன்றைப் பிரித்தால்தான் சாமான் கிடைக்கும் என்று ரிப்பேர்காரர் கைவிரித்தார். உனக்குப் போனில் இரண்டு தடவை சொன்னேன். ரிடையர் ஆனபோது வாங்கின ரஷ்ய வாட்ச் இருக்கிறதே என்றாய். இருக்கிறது, தொண்டை கட்டினவன் பேசுகிற மாதிரி அடிக்கிறது. என் மகன் அந்த ஊரில் தேடி ஒன்று வாங்கியிருக்கிறான், அதுவும் நல்லதாகப் பார்த்து வாங்கத் தெரிந்து வாங்கியிருக்கிறான், அந்தத் தெரிதல் என்னிடமிருந்து போனது, வாட்ச் மட்டும் அவளுக்கு என்று நினைத்தேன். பொறாமை என்றால் ஏதோ மனசுக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், எனக்கு அது வயிற்றில் இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் புஷ்பா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். அவளுடைய கோயமுத்தூர்ப் பேச்சில், "சம்பந்தியம்மா, நாலு நாளா இது ஒண்ணுமே பண்ண மாட்டேங்குதுங்க, கையில ஒண்ணும் தெரியலீங்க, உங்களுக்கு இதெல்லாம் அத்துபடின்னு மாப்பிள்ளை சொன்னாருங்க" என்று கழற்றிக் கொடுத்தாள். வாங்கின அரை நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு நாளாகக் குமிழ் மாறிப்போய் அவள் கீழ்க் குமிழை மட்டுமே திருகிக்கொண்டிருக்கிறாள், அலாரத்துக்குச் சாவியே கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது என்ன தெரியுமா, "உள்ளே பல் தேய்ஞ்சிருக்கு, எனக்குத் தெரிஞ்சவர்ட்ட காட்டணும், பத்து நாளாவது ஆகும்" என்றேன். கூசாமல் சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பினதும் அதை நான் கட்டிக்கொண்டேன். சமைக்கும்போதுகூடக் கழற்றவில்லை. பால் காய, குக்கர் இறக்க, ஒன்றுமே இல்லாததற்கெல்லாம் அலாரம் வைத்தேன். என் பழைய வாட்சைவிட அதன் குரல் சன்னம், எண்ணெய் போட்ட மாதிரி. அப்பா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். யாருது என்று கேட்டார், சம்பந்தியோடது, ரிப்பேருக்கு வந்திருக்கு என்றேன், "ரிப்பேருக்கு வந்தது கடையில இருக்கணும், உன் கையிலே கைக்கு இருக்கு" என்று ஏன் என்பதை அவருடைய உருதுவில் கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பத்தாம் நாள் புஷ்பா போன் செய்தாள், நான் சொன்னதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் சரிங்க சரிங்க என்றாள், இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று மறுபடி பொய் சொன்னேன். அன்று சாயங்காலமே ரஞ்சன் கூப்பிட்டான். அவளுக்குக் கண்ணில் அழுத்தம் இருக்கிறது, மூன்று வேளை சொட்டு மருந்து விட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். இத்தனை நாளும் பதினாறில் நின்றது இப்போது இருபத்து நாலுக்கு ஏறிவிட்டதாம், மத்தியான மருந்தை விடுவதே இல்லையாம், டாக்டர் கோபித்துக்கொண்டாராம். "அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு ஆன்ட்டி, இந்த நிலைமையில பிரசவத்துக்கு ஜெர்மனி எப்படி அனுப்பறது" என்றான். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கையில் அந்த வாட்ச் கனத்தது.

மறுநாள் காலை மெட்ரோ பிடித்து மாதாப்பூர் போனேன். ரஞ்சன் ஆபீஸ் போய்விட்டான். காலிங்பெல்லை ஆறு தடவை அடித்தேன். போன் செய்தேன், அது உள்ளே அடிப்பது எனக்கு வாசலில் கேட்கிறது, அவள் எடுக்கவில்லை. விழுந்து கிடக்கிறாளோ என்று கதவைத் தட்ட ஆரம்பித்தேன். அப்போது வேலைக்கார அம்மா சாவியோடு வந்து, உள்ளேதான் இருப்பாங்க என்று தெலுங்கில் சொல்லிக் கதவைத் திறந்தாள். புஷ்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, திமிர் பிடித்தவள் என்று கல்யாணத்திலிருந்து நான் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், நீ ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. இப்போதுதான் ஏன் என்று தெரிகிறது.

அவளே சொன்னாள். ஒன்றரை வருஷமாகக் காது போய்க்கொண்டே இருக்கிறதாம், முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறாளாம். உனக்கு மட்டும்தான் சொன்னாளாம். மகனுக்குத் தெரிந்தால் அனுப்ப மாட்டான், மகளுக்குத் தெரிந்தால் வேண்டாம் என்பாள், தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் எப்படிங்க என்றாள். ரஞ்சன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் அவன் போனோடு சேர்ந்தது, அதில் எதை வைத்தாலும் ஏன் எதற்கு என்று கேட்பான். போன் அலாரம் போன மாதம்வரை கொஞ்சம் கேட்டதாம், இப்போது அதுவும் இல்லையாம். நீ அனுப்பினது யாருக்கும் சொல்லாமல் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் கையைத் தட்டி எழுப்புகிறது. அந்தத் தட்டலைத்தான் நான் எடுத்துப் பதினோரு நாள் பாலுக்கும் குக்கருக்கும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லிவிட்டேன் அச்யுத். அவள் உதட்டைப் படிக்க வேண்டும் என்பதால் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வேண்டியிருந்தது. வாட்சில் ஒரு ரிப்பேரும் இல்லை, எனக்கு ஆசை, உங்கள் மேல் பொறாமை, பொய் சொல்லிக் கையில் கட்டிக்கொண்டேன் என்று. வேகமாகச் சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பதினோரு நாளுங்களா" என்று மட்டும் கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு நிமிர்ந்து, "உங்களுக்குக் கேட்டுச்சுங்களா, அது எப்படிங்க சத்தம் போடும்" என்றாள். எறும்பு ஊர்கிற மாதிரி கையில் தெரிவது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. லேபில் இருந்தவளுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. மேல் குமிழுக்கு நன்றாகச் சாவி கொடுத்து, அலாரத்தை வைத்து, அடிக்க ஆரம்பித்ததும் வாட்சின் முதுகை அவள் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கேக்குதுங்க, ஏனுங்க, கேக்குதுங்க" என்று அடுத்த வீட்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். திரும்பத் திரும்ப நாலு தடவை வைக்கச் சொன்னாள். அவ்வளவு குற்றத்துக்கும் நடுவில், அந்தச் சத்தம் எனக்கு ஒருநாளும் இவ்வளவு கிடைத்ததில்லையே என்று எனக்கு அங்கேயும் பொறாமை வந்தது, மறைக்க மாட்டேன்.

எலும்பு வழியாகக் கேட்கிறது என்றால் நரம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வியாழக்கிழமை செகந்திராபாத்தில் காது டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். நடுக்காதில் ஒரு குட்டி எலும்பு இறுகியிருக்கிறதாம், சின்ன ஆபரேஷன் செய்யலாம், இப்போதைக்கு மெஷின் வைத்தாலே நன்றாகக் கேட்கும் என்றார். கண் அழுத்தம் இன்னும் இருபதில் நிற்கிறது, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை. ரஞ்சனிடம் சொல்லிவிட்டாள், வர்ஷினிக்கு அடுத்த ஞாயிறு தானே சொல்கிறாளாம், அதுவரை நீ வாயைத் திறக்காதே. என்னோடு பேசுகிறாள், ஆனால் முன் மாதிரி இல்லை, அது எனக்கு வேண்டியதுதான்.

இதைப் படித்துவிட்டு உடனே எனக்கும் ஒரு வாட்ச் தேடக் கிளம்பாதே, வந்தால் திருப்பி அனுப்புவேன். அவள் கையைத் தூக்கும்போதெல்லாம் என் கண் இன்னும் அங்கேதான் போகிறது, அது பாட்டுக்குப் போகட்டும். வர்ஷினியை மாடிப்படி ஓடி ஏற விடாதே, நீயும் காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். மார்ச்சில் புஷ்பா அங்கே வருகிறாள், என் முட்டிக்கு அந்தக் குளிர் ஆகாது, நான் வரப்போவதில்லை. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு குறையில்லாமல் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. குழந்தை பிறந்ததும் முதல் போன் எனக்கு வர வேண்டும். அவள் பக்கத்திலேயே நிற்பாள், அவளுக்குப் போன் எதற்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலம்