ஞாயிற்றுக்கிழமைக் குதிரை

அன்புள்ள அம்மா,

தெற்கே நம் வீடு இருக்கும் திசை பார்த்து மூன்று முறை விழுந்து வணங்கிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா இருமிக்கொண்டே இன்னும் சுருட்டுப் பிடிக்கிறாரா? நான் சுகம். இந்த மலையூர் பியின் ஊ ல்வினில் குளிர் இறங்கிவிட்டதால் ஸ்வெட்டர் கம்பெனியில் வேலை அதிகம்.

நேற்று ஒரு வேடிக்கை. ஞாயிறு விடுமுறை. சந்தைக்குப் போகக் குதிரை வண்டியில் ஏறினேன். வண்டிக்காரர் ஊ மியாட் தூன் வெற்றிலையை மென்றபடியே தூங்கிப்போனார். பனிமூட்டத்தில் காப்பித் தோட்டங்கள் மிதந்து மிதந்து பின்னால் போயின. குளம்புச் சத்தத்தில் எனக்கும் கண் சொருகியது. விழித்தால் பேருந்து நிலையம்!

"சந்தைக்குன்னுதானே மாமா சொன்னேன்?"

"என்னைக் கேட்டா? வாராவாரம் இங்கதானே வர்ற. உங்க ஊர் பஸ் கிளம்புறதைப் பாத்துட்டுத் திரும்பிப் போற. குதிரைக்குப் பழகிப்போச்சு."

"அது சும்மா, பொழுது போகலைன்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்ற? குதிரைகிட்ட சொல்லு."

வயிறு வலிக்கச் சிரித்தேன், அம்மா. கவலைப்படாதீர்கள்.

கொஞ்சம் இறால் கருவாடு வேண்டும். என் பழைய தலையணை உறையையும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து சேரும் பேருந்திலேயே கொடுத்துவிடுங்கள். அங்கே போய் நிற்க எனக்கும் ஒரு காரணம் இருக்கும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

மகள்,
நீலார்