ஜீப்பைத் தேய்த்த தண்ணீர்

முத்தையாபுரம்,
புதன்கிழமை.

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். தேவகிருபையால் நானும் அப்பாவும் சுகம். உனக்கும் சரீர சுகத்தையும் வேலையில் பெலனையும் தரும்படி தினமும் காலை ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். மஸ்கட்டில் வெயில் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய், இங்கேயும் அப்படித்தான், உப்பளத்தில் வேலை மும்முரம், அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பம்ப்செட்டாவது பழுது பார்க்க வந்துவிடுகிறது. போனில் பேசாமல் எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். காயல்பட்டினம் இப்ராஹீம் நாளை புறப்படுகிறான், வெள்ளிக்கிழமை உன்னிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயிண்டர் ஆறுமுகநயினாரைப் பற்றி சபையின் வாட்ஸப் குழுவில் நீ போட்டதைத் திரும்ப எடுக்க வேண்டும். ஜீப்பின் பெயிண்ட் கெட்டுப்போனதற்கு அவர் காரணம் இல்லை, நான்தான் காரணம். நம் சபைப் பள்ளிக்கூடத்து வேன் நான்கையும் மே லீவில் எஃப்.சி. சோதனைக்கு முன்னால் மஞ்சள் அடிக்கும் வேலையை அவருக்குத் தருவதாக இருந்தார்கள். உன் செய்தியைப் பார்த்த பிறகு கமிட்டி யோசிக்கிறது. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முடிவு செய்கிறார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஜீப்பைப் புதுசாக்கித் தர வேண்டும் என்று நீ பணம் அனுப்பினாய் அல்லவா. மழைக்காலத்தில் உப்பள வரப்பில் சேற்றுக்குள் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அது ஒன்றுதான், இருபது வருஷ உப்புக் காற்றில் அடிப்பக்கம் செதில் செதிலாகப் பெயர்ந்துவிட்டது. பைபாஸில் இருக்கிற பெரிய ஷெட்டில் எழுபத்தெட்டாயிரம் கேட்டார்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் செலவு தனி என்றார்கள், அப்பா பழைய நீலமே போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறுமுகநயினார் டிங்கரிங், பட்டி, பிரைமர், பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். ரோடு அகலப்படுத்தியதில் அவருடைய ஷெட் போய்விட்டது, அதனால் வண்டிக்காரர் வீட்டு முற்றத்திலேயே தார்ப்பாய் கட்டி வேலை செய்கிறார். கரண்டும் தண்ணீரும் மத்தியானச் சோறும் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும், அதுதான் அவர் விலை குறைந்ததற்குக் காரணம். முதல் நாள் வந்தபோதே என்னைக் கூப்பிட்டு, டீச்சரம்மா, தேய்க்கதுக்கு நல்ல தண்ணி ரெண்டு டிரம் வேணும், போர் தண்ணி ஆவாது, அடியில உப்பு நின்னு போச்சுன்னா மேல தங்கத்தையே பூசுனாலும் கொப்புளிச்சிரும் என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அந்த வாரம்தான் குழாய் உடைந்து ஒன்பது நாள் நல்ல தண்ணீர் வரவில்லை. உனக்குத் தெரியும், நம் போர் தண்ணீர் துணி துவைக்கக்கூட நுரைக்காது. லாரித் தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய், அதற்கும் வரிசை. குடிக்கவும் சமைக்கவும் எண்ணி எண்ணி ஊற்றுகிற தண்ணீரை ஒரு வண்டியின் மேல் ஊற்றித் தரையில் விடுவதா என்று தோன்றியது. நம் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் அப்படித்தான் தோன்றும், நல்ல தண்ணீரில் வாசல் தெளித்தால்கூட இங்கே ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒவ்வொரு டிரம்மிலும் ஐந்து குடம் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு மீதியை மோட்டார் போட்டுப் போர் தண்ணீரால் நிரப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி படித்தேன், இன்றைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷனில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே நிற்கும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆறுமுகநயினாரும் அவர் தம்பியும் பட்டி வைத்து, வாட்டர் பேப்பரை அந்தத் தண்ணீரில் முக்கி முக்கி நான்கு நாள் தேய்த்தார்கள். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கைவேலை சுத்தமாகத்தான் இருந்தது, விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி தேய்த்தார். பெயிண்ட் அடித்து முடித்த அன்று வண்டியின் போட்டோவை உனக்கு அனுப்பினோம், நீயும் ஷோரூம் வண்டி மாதிரி இருக்கிறது என்றாய். அப்பா அட்வான்ஸோடு சேர்த்து முப்பதாயிரம் கொடுத்துவிட்டு, மீதி பதினோராயிரத்தை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துத் தருகிறேன் என்றார்கள்.

ஐந்தாவது வாரம் மட்கார்டு இரண்டிலும் பின்பக்கமும் கொப்புளம் கிளம்பியது, விரலால் அமுக்கினால் உள்ளே தண்ணீர். ஆராதனைக்குப் போன இடத்தில் நம் பெவின் பயல் அப்பாவைப் பார்த்து, மாமா, ஒங்க வண்டிக்கு அம்மை போட்டிருக்கு, வேப்பிலை கட்டுங்க என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்கள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஆறுமுகநயினாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏலே நயினாரு, பெயிண்ட் அடிச்சியா மோர்ல சுண்ணாம்பைக் கலக்கி அடிச்சியா என்று வாசலில் வைத்தே கேட்டார்கள். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், கோபப்படவில்லை. தேச்ச தண்ணிய ஒரு வாட்டி பாத்துக்கிடுங்க அண்ணாச்சி என்று மட்டும் சொன்னார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று அப்பா சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒரு தடவை கதவுப் பக்கம் பார்த்தார், பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை அப்பா உன்னிடம் வீடியோவில் காட்டினார்கள், நீ மீதியைக் கொடுக்காதீங்க என்று சொன்னதோடு குழுவிலும் எழுதிவிட்டாய். ஏமாற்றுக்காரர் என்ற வார்த்தையை நீ எழுதியிருக்க வேண்டாம். ஆனால் அந்த நேரத்திலும் நான் பேசவில்லை, அதனால் உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வேன் வேலை போகப் போகிறது என்று பெவின் தற்செயலாகச் சொன்ன பிறகுதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்து வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தானே. திங்கட்கிழமை நானே ஆறுமுகநயினார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டாள், நான் உட்காராமலே சொன்னேன், டிரம்மில் பாதிக்கு மேல் போர் தண்ணீர் கலந்தேன் என்று. அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. ரெண்டாம் நாளே தெரியும் டீச்சரம்மா, வாயில ஒரு சொட்டு பட்டுச்சு, கரிச்சிச்சு என்றார். கடைசிக் கழுவலுக்குத் தன் வீட்டிலிருந்து இரண்டு கேன் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாராம். அவர் சைக்கிளில் கேன் கொண்டுவந்ததை நான் பார்த்தேன், குடிக்கத்தான் என்று நினைத்தேன். அது பானெட்டுக்கும் கதவுகளுக்கும்தான் எட்டியது, அந்த இடங்கள் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். ஊரே குடத்தைத் தூக்கிட்டு அலையுது, அந்த நேரத்துல ஒங்ககிட்ட என்னத்தக் கேக்க, அட்வான்ஸ் வாங்கியாச்சு, வேலைய நிப்பாட்டுனா சரக்கு வாங்குன கடைக்கு யாரு பதில் சொல்லுவா என்றார். பிறகாவது அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்றதற்கு, கெட்ட வேலைக்காரன் தண்ணியச் சொல்லுதான், காத்தச் சொல்லுதான்னு சிரிப்பாவ, அதுவும் சோறு போட்ட பொம்பளைய மாட்டிவிட்டான்னு வேற பேரு வரும் என்றார். அவர் மனைவி இடையில், இவுக பெருந்தன்மைல நாலு வேன் போவுது, நல்லா இருங்க என்றாள். அது எனக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். ரேடியோவை அணைத்தார்கள். ஏளா, இத அன்னைக்கே சொல்லக் கூடாதா, நான் அவன வாசல்ல வச்சுல்லா கேட்டேன் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பதினோராயிரத்தையும் ஆறுமுகநயினார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள். மட்கார்டையும் பின்பக்கத்தையும் தகடு வரை சுரண்டி மறுபடி அடிக்கப் பதினான்காயிரம் ஆகும். கூலி வேண்டாம், சாமானுக்கு மட்டும் கொடுங்க என்று அவர் சொல்ல, கூலி வாங்காட்டி வண்டியத் தொடாதே என்று அப்பா சொல்லிவிட்டார்கள். இந்தப் பணத்துக்கு நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம், என் டியூஷன் காசில் இருக்கிறது. தண்ணீர் லாரிக்கும் சொல்லிவிட்டேன்.

மீதி இருப்பது அவர் பெயர். நேற்று பெவினைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்து உண்மையைச் சொன்னேன். நீங்க சொல்லுதது சரிதான் அத்தை, ஆனா ஹெப்சியக்கா போட்டத நூத்தம்பது பேரு பாத்திருக்காவ, நான் ஒத்தையில சொன்னா கமிட்டில எடுபடாது என்றான். அவன் சொல்வது நியாயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் நான் எழுந்து நின்று சொல்வதாகச் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஸ்திரீகள் ஐக்கியத்தில் ஒரு வசனம் வாசிக்கச் சொன்னாலே எனக்கு வரி தப்பிவிடும் என்று உனக்குத் தெரியும், அதனால் நாலு வரியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். நீ குழுவில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் வாசிப்பேன். ஆனால் சனிக்கிழமைக்குள் நீயாக எழுதிவிட்டால் உன் பெயர் வருகிற வரியை அடித்துவிடலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை இவ்வளவு அவசரமாக இப்ராஹீமிடம் கொடுத்து விடுகிறேன்.

நைட் டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நர்சிங் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய தேதியை மறந்துவிடாதே, போன வருஷம் அபராதம் கட்டினாய். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

உன் அன்பு அம்மா,
கிருபாபாய் விக்டர்